ஜாடிக்குள் இறங்கும் நீர்மட்டம்

மாவடு ஜாடியைத் திறந்து பார்த்தால் வடுக்கள் நீரில்தான் கிடக்கும். மாசியிலோ பங்குனியிலோ போட்டது, அடுத்த ஆண்டு புது வடு சந்தைக்கு வரும்வரை கெடாமல் இருக்கும். அதே சமையலறை அலமாரியில், கடையில் வாங்கிய ரொட்டி நாலைந்து நாளில் பச்சையாகப் பூஞ்சணம் பூத்துவிடுகிறது. தொட்டால் கையில் ஈரம்கூடத் தெரியாத ரொட்டி கெடுகிறது. நீரிலேயே ஊறிக்கொண்டிருக்கும் வடு நிலைக்கிறது. ஈரம் இருந்தால் கெடும், உலர்ந்தால் கெடாது என்ற நம் வழக்கமான கணக்கு இங்கே உதைக்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. ஜாடியில் பாதிக்கு மேல் நீர்தான் இருக்கிறது என்றால், ஈரக் கரண்டியை உள்ளே விடும்போது மட்டும் வீட்டுப் பெரியவர்கள் ஏன் பதறுகிறார்கள்? ஒரு ஜாடி நீர் செய்யாத கெடுதலை ஒரு சொட்டு நீர் எப்படிச் செய்யும்?

வீட்டுத் தோட்டமோ மாடித் தோட்டமோ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தாக வேண்டும். செடி நம் தேவையைக் கேட்டுக் காய்ப்பதில்லை. நாலு மிளகாய்ச் செடி பல வாரம் சும்மா இருந்துவிட்டு ஒரே மாதத்தில் கூடை கூடையாகக் கொடுக்கும். கொத்தவரையும் சுண்டையும் மணத்தக்காளியும் அப்படித்தான். குழம்பில் போட்டு, அக்கம்பக்கத்தில் கொடுத்து, அதற்கும் மேல் மிஞ்சுவதை என்ன செய்வது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

பறித்த பிறகும் உயிர் இருக்கிறது

செடியிலிருந்து பறித்த காய் இறந்துவிடுவதில்லை. அதன் செல்கள் தொடர்ந்து சுவாசிக்கின்றன. சேமித்த சர்க்கரையை எரிக்கின்றன. வெப்பத்தையும் நீராவியையும் வெளியே விடுகின்றன. கீரை வேகமாகச் சுவாசிப்பதால் ஒரே நாளில் துவள்கிறது. சாம்பல் பூசணி மெல்லச் சுவாசிக்கிறது; போதாததற்கு அதன் தோலில் வெள்ளைப் பொடிபோலப் படியும் மெழுகு நீரை வெளியே விடாமல் காக்கிறது. அதனால்தான் முற்றிய சாம்பல் பூசணியைக் காம்போடு பறித்து, அடிபடாமல் நிழலில் வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். சேனை, கருணை போன்ற கிழங்குகள் இன்னும் ஒரு படி மேல்: தோண்டும்போது பட்ட காயத்தின் மேல் புதுத் தோலே வளர்த்துக்கொள்கின்றன.

ஆகவே தோட்டத்து விளைச்சலில் ஒரு பகுதியை நாம் பதப்படுத்தவே வேண்டாம். அதன் உயிரைக் கெடுக்காமல் இருந்தால் போதும். குளிர்ச்சி சுவாசத்தைக் குறைக்கும். ஆனால் எல்லாக் காய்க்கும் ஒரே குளிர்ச்சி ஒத்துவராது. கத்தரி, வெண்டை, தக்காளி ஆகியவை வெப்ப நாட்டுச் செடிகளின் காய்கள். வீட்டுக் குளிர்பெட்டியின் 4 பாகை செல்சியஸில் அவற்றின் செல்சவ்வுகள் பழுதடைகின்றன. கத்தரியில் பழுப்புப் பள்ளங்கள் விழுகின்றன. தக்காளியில் மணம் போய்விடுகிறது. காற்றோட்டமுள்ள மூலையே இவற்றுக்குச் சில நாட்களுக்கு நல்ல இடம்.

உயிர் தளரும்போதுதான் மற்றவர்கள் நுழைகிறார்கள். காயின் தோலிலேயே எப்போதும் உட்கார்ந்திருக்கும் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் பூஞ்சணமும் பெருகத் தொடங்குகின்றன. இவற்றை ஒட்டுமொத்தமாகக் கிருமிகள் என்று வைத்துக்கொள்வோம். பெருகுவதற்கு இவற்றுக்கு முதலில் வேண்டியது நீர்.

எவ்வளவு நீர் என்று கேட்பது போதாது

அரிசியில் எடைக்கு 14 சதவீதம் ஈரம் இருந்தால் குறையில்லை. மாதக்கணக்கில் மூட்டையில் வைக்கலாம். அதே 14 சதவீத ஈரத்தோடு நிலக்கடலையை மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடித்துவிடும். கடலையை 8 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தால்தான் நிம்மதி. எடையில் ஒரே அளவு நீர், விளைவு மட்டும் வேறு.

காரணம், உணவுக்குள் இருக்கும் நீர் எல்லாம் ஒரே நிலையில் இருப்பதில்லை. அரிசியின் மாவுப்பொருள் நீரைப் பிடித்து ஒட்டவைத்துக்கொள்கிறது. கடலையில் பாதி எண்ணெய். எண்ணெய் நீரைப் பிடிக்காது. அதனால் கடலையில் உள்ள கொஞ்ச நீர் கட்டுப்படாமல் கிருமிக்குக் கைக்கெட்டும் நிலையில் கிடக்கிறது. அப்படிக் கட்டுப்படாமல் கிடைக்கும் நீரை இந்த அத்தியாயத்தில் விடுநீர் என்று சொல்வோம். உணவுத் தொழிற்சாலைகளில் இதன் அளவை வாட்டர் ஆக்டிவிட்டி என்பார்கள்.

இதை அளக்கும் அளவுகோல் எளியது. சுத்தமான நீருக்கு 1. நீரே இல்லாததற்கு 0. பறித்த காய்கறிகள் 0.97க்கு மேல். ரொட்டி ஏறத்தாழ 0.95. தேன் 0.6ஐ ஒட்டி.

இந்த அளவுகோல்தான் கெடுதலை முன்கூட்டிச் சொல்லும் என்பதை நிறுவியவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட். உணவை நஞ்சாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவைப் பலவிதமான உணவுகளில் அவர் வளர்த்துப் பார்த்தார். அந்த உணவுகளின் ஈரச் சதவீதம் வெவ்வேறாக இருந்தும், விடுநீர் அளவு ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனதும் எல்லாவற்றிலும் வளர்ச்சி நின்றது. இதை அவர் வெளியிட்டது 1953இல். நம் வீடுகளில் அதற்கு வெகுகாலம் முன்பே வடு ஊறிக்கொண்டிருந்தது. ஆனால் ஏன் ஊறுகிறது, எங்கே தவறினால் கெடும் என்பதை எண்ணால் சொல்ல முடிந்தது இதன் பிறகுதான்.

கிணறும் கயிறும்

விடுநீரை ஒரு கிணற்று நீர்மட்டம்போல நினைத்துப் பார்க்கலாம். நிரம்பி வழியும் கிணற்றில் யாரும் கையாலேயே மொண்டுகொள்வார்கள். மட்டம் இறங்க இறங்க, நீளமான கயிறு வைத்திருப்பவருக்குத்தான் நீர். கிணற்றில் நீர் வற்றிவிடவில்லை. வாளி எட்டவில்லை, அவ்வளவுதான்.

கிருமிகளில் பாக்டீரியாவின் கயிறு மிகக் குட்டை. விடுநீர் அளவு 0.91க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான பாக்டீரியாவால் பெருக முடியாது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஒரு விதிவிலக்கு. அது ஏறத்தாழ 0.86 வரை தாக்குப்பிடிக்கும். ஈஸ்ட்களில் பெரும்பாலானவற்றுக்கு எல்லை 0.88. பூஞ்சணத்தின் கயிறு நீளம்: பொதுவாக 0.80 வரை எட்டும். வறட்சியை விரும்பும் சில பூஞ்சணங்களும், சர்க்கரைப் பாகை விரும்பும் சில ஈஸ்ட்களும் 0.60ஐ ஒட்டிக்கூடப் பிழைக்கின்றன. அதற்குக் கீழே எந்தக் கிருமியும் பெருகியதாகத் தெரியவில்லை.

ரொட்டியின் 0.95 இப்போது புரியும். கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும், கிருமிகளுக்கு அது ஏறக்குறைய நிரம்பிய கிணறு.

மட்டத்தை இறக்க இரண்டு வழிகள் உண்டு. நீரை இறைத்து வெளியேற்றலாம்; அது வெயிலின் வேலை. நீரை அங்கேயே விட்டுவிட்டு எதனோடாவது பிணைத்துவைக்கலாம். அது உப்பின் வேலை, சர்க்கரையின் வேலை. வத்தலும் ஊறுகாயும் ஜாமும் பார்வைக்கு வேறு வேறு பண்டங்கள். கிருமியின் பக்கமிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே சங்கதி.

வடு ஏன் சுருங்குகிறது

மாவடு போடும்போது யாரும் நீர் ஊற்றுவதில்லை. வடுவைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல் உப்பும் மஞ்சளும் கடுகும் மிளகாயும் பொடித்துப் போட்டுக் குலுக்கிவைப்பார்கள். இரண்டு மூன்று நாளில் ஜாடிக்குள் நீர் தானாக ஊறும். அது முழுக்க வடுவிலிருந்தே வந்த நீர்.

செல்சவ்வு நீரை எளிதாக விடும். உப்பை அவ்வளவு எளிதில் விடாது. சவ்வுக்கு வெளியே உப்புக் கரைசல், உள்ளே நீர்த்த சாறு என்று இருந்தால், விடுநீர் அதிகமான உள்பக்கத்திலிருந்து குறைவான வெளிப்பக்கத்துக்கு நீர் நகரும். இதைச் சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்திருப்போம். வடு சுருங்குவது அதனால். வடுவின் தோலில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் இதே கதிதான். அதன் உடம்பு நீரும் வெளியே இழுக்கப்படுகிறது. அது பெருக வழியில்லாமல் முடங்குகிறது.

உப்பு எவ்வளவு பலமாக நீரைக் கட்டுகிறது? 100 கிராம் உப்பு நீரில் 10 கிராம் உப்பு இருந்தால் விடுநீர் அளவு ஏறத்தாழ 0.94. 18 கிராம் இருந்தால் 0.86. இனிக் கரையாது என்ற நிலையை, அதாவது 100 கிராம் நீருக்கு 36 கிராம் உப்பு என்ற எல்லையை எட்டினால் 0.75. இந்த 0.75ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் மழைக்காலத்தில் தேவைப்படும். சர்க்கரையால் இதே மட்டத்தை எட்ட வேண்டுமென்றால் எடையில் பல மடங்கு வேண்டும். ஜாமில் பழத்துக்குச் சமமாகச் சர்க்கரை கொட்டுவது இனிப்புக்காக மட்டும் இல்லை.

உப்போடு புளிப்பும் சேரும்போது வேலை இன்னும் எளிது. கிருமி இரண்டு இடர்களை ஒரே நேரத்தில் தாண்ட வேண்டியிருக்கிறது. எலுமிச்சையும் மாங்காயும் ஊறுகாய்க்கு இவ்வளவு ஏற்றவையாக இருப்பது அவற்றின் சொந்தப் புளிப்பால்.

ஈரக் கரண்டியின் குற்றம்

நன்றாக ஊறிய ஜாடியின் உப்பு நீரில் ஒரு சொட்டு விழுந்து கலந்துவிட்டால் பெரிய கேடில்லை. ஜாடி நீரோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை. கேடு வருவது அந்தச் சொட்டு கலக்காமல் நிற்கும் இடங்களில்: ஜாடியின் உள்சுவரில், மூடியின் அடியில், நீருக்கு மேலே தலைநீட்டும் துண்டின் மேல். எண்ணெய் ஊறுகாயில் இன்னும் மோசம். எண்ணெயும் நீரும் கலக்காதல்லவா? சொட்டு எண்ணெய்க்கு நடுவே தனித்தீவாக நிற்கும். அங்கே விடுநீர் அளவு கிட்டத்தட்ட 1. காற்றில் எப்போதும் மிதக்கும் பூஞ்சண வித்துக்களில் ஒன்று அங்கே விழுந்தால் முளைத்துவிடும். கரண்டி வேறு உணவைத் தொட்டுவிட்டு வந்திருந்தால் அதனோடு கிருமிகளும் வந்திருக்கும்.

புது ஊறுகாய் ஜாடிக்கு மூடி போடாமல் துணியால் வேடு கட்டி வெயிலில் வைக்கும் பழக்கத்தின் பொருளும் இதுதான். வெயிலில் சூடேறிய ஜாடியிலிருந்து ஆவி எழும்பும். இறுகிய மூடி இருந்தால் ஆவி அதில் குளிர்ந்து, உப்பில்லாத சுத்த நீராக மேல்துண்டுகள் மேல் சொட்டும். துணி அந்த ஆவியை வெளியே விட்டுவிடுகிறது. தினமும் ஜாடியைக் குலுக்குவது, மேலே நிற்கும் துண்டுகளும் சுவரும் மறுபடி உப்பில் நனைவதற்காக. இந்த இரண்டு பழக்கங்களையும் கண்டுபிடித்தவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. ஸ்காட்டின் ஆய்வுக்குச் சற்றும் குறையாத கவனிப்பு இவற்றின் பின்னால் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒரு கிலோ பச்சைமிளகாய்

உப்பு, புளிப்பு, வெயில் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும் பண்டம் மோர் மிளகாய். நம் வீட்டுச் செடியில் ஒரு கிலோ மிளகாய் பறித்தோம் என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

பச்சைமிளகாயில் ஏறத்தாழ 87 சதவீதம் நீர். ஆக நீர் 870 கிராம், சக்கை 130 கிராம். கடைந்த கெட்டித் தயிர் அரை கிலோ. அதில் நீர் சுமார் 440 கிராம், மற்றவை 60. கல் உப்பு 100 கிராம். மொத்த நீர் 1,310 கிராம்.

முதல் நாள் இரவு எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. 1,310 கிராம் நீரில் 100 கிராம் உப்பு என்றால் 7 சதவீதக் கரைசல். விடுநீர் அளவு 0.96ஐ ஒட்டி. பாக்டீரியாவின் குட்டைக் கயிறு இங்கே நன்றாகவே எட்டும். அதாவது தொடக்கத்தில் உப்பு மட்டும் காவலுக்குப் போதாது. இந்த இடத்தில் தயிர் நிற்கிறது. தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமிலப் பாக்டீரியா, மிளகாயிலிருந்து வடியும் சர்க்கரையையும் புளிப்பாக்கி, அழுகவைக்கும் கிருமிகளுக்கு இடமில்லாமல் செய்கிறது. இனிப்பான புதுத் தயிரைவிடப் புளித்த தயிரே மோர் மிளகாய்க்கு நல்லது.

பகலில் மிளகாயைப் பிழிந்தெடுத்து வெயிலில் பரப்புகிறோம். மாலையில் மறுபடி அதே மோரில் போடுகிறோம். நீர் 1,310இலிருந்து 500 கிராமாகக் குறையும்போது உப்புக் கரைசல் 17 சதவீதத்தை எட்டுகிறது. விடுநீர் அளவு 0.88க்கு வருகிறது. பெரும்பாலான பாக்டீரியா வெளியே; ஈஸ்ட்டும் எல்லையில் நிற்கிறது. நீர் இன்னும் குறைந்து ஏறத்தாழ 280 கிராமுக்கு வந்தால், இருக்கும் உப்பு அத்தனையும் கரைந்து நிற்பதற்கு மட்டுமே அந்த நீர் போதும். அளவு 0.75. இப்போது சாதாரணப் பூஞ்சணத்தின் கயிறும் எட்டாது. இதற்குமேல் ஆவியாகும் ஒவ்வொரு துளிக்கும் கொஞ்சம் உப்பு கரைசலிலிருந்து பிரிந்து படிகமாகிறது. காய்ந்த மோர் மிளகாயின் மேல் வெள்ளையாக மினுங்குவதில் தயிரின் பொடியோடு இந்த உப்பும் உண்டு.

முடிவில் பத்து சதவீத ஈரத்தில் நிறுத்தினால், நம் கையில் இருப்பது சுமார் 320 கிராம் மோர் மிளகாய். வெயில் கொண்டுபோன நீர் ஏறத்தாழ 1,280 கிராம்.

பச்சை நிறம் வெளிறி வைக்கோல் நிறமாவதும் இதற்கிடையில்தான். புளிப்பு, பச்சையத்தின் நடுவிலிருக்கும் மக்னீசியத்தை வெளியேற்றி அதை மங்கலாக்குகிறது. வெயில் மிச்சத்தையும் வெளுக்கிறது. வைட்டமின் சி பெரும்பகுதி இந்த நாட்களில் போய்விடுகிறது. காரம் போவதில்லை.

வெயில் போதாமல் இல்லை

1,280 கிராம் நீரை ஆவியாக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? மின்சாரக் கணக்கில் சொன்னால் ஒரு யூனிட்டுக்கும் குறைவு, ஏறத்தாழ 0.85. கோடையில் தெளிவான ஒரு நாளில் நம் மொட்டைமாடியில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் சுமார் 6 யூனிட். ஒரே நாளில் ஏழு கிலோ மிளகாயைக் காயவைக்கும் ஆற்றல் தலைக்குமேல் கொட்டுகிறது. ஆனாலும் ஒரு கிலோ காய ஒரு வாரம் ஆகிறது.

தடை மேலே இல்லை, மிளகாய்க்குள் இருக்கிறது. மிளகாயின் தோல் மெழுகு பூசியது; நீரை உள்ளே வைத்துக்கொள்வதற்கென்றே செடி அதைப் படைத்திருக்கிறது. உள்ளிருக்கும் நீர் ஒவ்வொரு செல்லாகக் கடந்து தோலுக்கு வந்து, அந்த மெழுகையும் தாண்ட வேண்டும். அதனால்தான் நுனியில் கீறிவிடுகிறோம், அல்லது ஊசியால் குத்திவிடுகிறோம். உள்ளே மோர் போவதற்கும் வெளியே ஆவி வருவதற்கும் அது வாசல். கொத்தவரையையும் பாவக்காயையும் உப்பு நீரில் ஒரு கொதி விட்டுக் காயவைப்பதும் இதற்கே. சூடு செல்சவ்வுகளைக் குலைத்து நீருக்கு வழி திறக்கிறது. கூடவே, காயை உள்ளிருந்தே பழுப்பாக்கும் நொதிகளை, அதாவது செல்லுக்குள் வேதிவேலைகளை நடத்தும் புரதங்களை, செயலிழக்கச் செய்கிறது.

இரவில் மோரில் ஊறவிடுவதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கடும் வெயிலில் தொடர்ந்து காய்ந்தால் மேல்தோல் முதலில் இறுகி, உள் ஈரத்துக்குக் கதவை அடைத்துவிடும். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பச்சை. இரவு ஊறலில் தோல் இளகுகிறது. உப்பும் புளிப்பும் உள்ளே இறங்குகின்றன. மறுநாள் வெயில் மறுபடி ஆழத்திலிருந்து நீரை இழுக்க முடிகிறது.

காற்றும் அதே அளவுகோலில்

விடுநீர் அளவுகோலின் பெரிய வசதி, காற்றையும் அதிலேயே அளக்கலாம் என்பது. வானிலை அறிக்கையில் ஈரப்பதம் 80 சதவீதம் என்று கேட்டால், அதை 0.80 என்று படித்துக்கொள்ளுங்கள். திறந்துகிடக்கும் எந்த உணவும் மெல்ல மெல்லச் சுற்றியிருக்கும் காற்றின் அளவுக்கு வந்துசேரும். காற்று வறண்டிருந்தால் உணவு நீரை இழக்கும். காற்று ஈரமாக இருந்தால் உணவு நீரை வாங்கிக்கொள்ளும்.

உப்பின் 0.75 இங்கே வருகிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு ஜாடியில் நீர் கோர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கடலோர ஊர்களின் ஈரப்பதம் நாள் முழுக்க 80ஐத் தாண்டி நிற்கும். உப்பேறிய வத்தலைத் திறந்துவைத்தால் அது பூஞ்சண எல்லைக்கு மேலே தானாக ஏறிவிடும். கோடையில்கூட இரவில் காற்றின் ஈரம் கூடும். ஆகவே காய்கிற வத்தலை மாலையில் வீட்டுக்குள் எடுத்தே ஆக வேண்டும்.

மிளகாயை ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். வளைத்தால் ஒடிய வேண்டும். வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு அடைக்கக் கூடாது. ஆறவிட்டு, கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு நிரப்பி மூடி, சில நாள் கவனியுங்கள். சுவரில் ஆவி படிந்தாலோ மிளகாய் ஒன்றோடொன்று ஒட்டினாலோ உள் ஈரம் இன்னும் இருக்கிறது என்று பொருள். மறுபடி வெயில் காட்ட வேண்டும். பிறகுதான் இறுக்கமான டப்பா. மழை முடிந்து தை வெயில் வந்ததும் ஒருமுறை பரப்பி எடுப்பது இன்னும் நல்லது.

கண்ணுக்குத் தெரியாத கெடுதல்கள்

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன. தேடிப் போனதில், பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் சுரந்த நஞ்சு இருந்தது தெரிந்தது. அதற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு அது. சரியாகக் காயாத மிளகாயிலும் அதே பூஞ்சணம் வளரும். எண்ணெயில் பொரித்தாலும் அந்த நஞ்சு முழுக்க அழியாது. ஆகவே பூஞ்சணம் கண்ட மிளகாயைத் துடைத்து மறுபடி வெயிலில் போட்டுப் பயன்படுத்தக் கூடாது. வெயில் பூஞ்சணத்தை நிறுத்தும். அது சுரந்துவிட்டுப் போனதை எடுக்காது. ஒரு கூடை போனாலும் போகட்டும், கொட்டிவிடுங்கள்.

இரண்டாவது ஆபத்து எண்ணெயைப் பற்றிய தவறான நம்பிக்கை. ஊறுகாயின் மேல் நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுக்கும். காற்று வேண்டிய பூஞ்சணத்துக்கு அது தடை. ஆனால் காற்றில்லாத இடத்தில்தான் வளர்வேன் என்று இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்கு அது வசதி. நரம்புகளை முடக்கும் கொடிய நஞ்சைச் சுரப்பது அது. மாங்காய், எலுமிச்சை ஊறுகாயில் அது வளராததற்குக் காரணம் புளிப்பும் உப்பும். எண்ணெய்க்கு அதில் பங்கில்லை. அமில அளவுகோலில் 4.6க்குக் கீழே, அதாவது போதிய புளிப்பில், அதனால் வளர முடியாது. வெறும் பூண்டையோ பச்சை மூலிகையையோ உப்பும் புளிப்பும் இல்லாமல் எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைப்பது இதனால் ஆபத்து. செய்தால் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களில் தீர்த்துவிட வேண்டும்.

உப்பைக் குறைக்க முடியுமா?

நம் கணக்குப்படி 320 கிராம் மோர் மிளகாயில் 100 கிராம் உப்பு. கிலோவுக்கு இருநூறு மிளகாய் என்று கொண்டால், ஒன்றில் அரை கிராம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புச் சேர்க்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தயிர்சாதத்தோடு இரண்டு கடித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு முடிந்தது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

மேலே போட்ட கணக்கு இதற்கு வழிகாட்டுகிறது. காய்ந்து முடிந்த மிளகாய்க்கு உப்பின் காவல் பெரிதாகத் தேவையில்லை, வறட்சியே போதும். முதுகுளத்தூர், கமுதி பக்கத்து முண்டு மிளகாய் உப்பே இல்லாமல்தான் களத்தில் காய்கிறது. உப்பு தேவைப்படுவது நடுவிலுள்ள நாட்களில், மிளகாய் கீறப்பட்டு, செல்கள் செத்து, நீரும் இன்னும் போகாமல் இருக்கும் அந்த இடைவெளியில். முண்டு மிளகாய்க்கு அந்த இடைவெளியில் கீறாத முழுத் தோல் காவலாக இருக்கிறது.

உப்பைப் பாதியாக்கினால், 50 கிராமில், நீர் 250 கிராமுக்கு இறங்கினால்தான் அதே 0.88 கிடைக்கும். அதாவது ஆபத்தான இடைவெளி நீளும். அதை வேறு வழியில் குறுக்க வேண்டும். தயிர் நன்றாகப் புளித்ததாக இருக்கட்டும். நுனியில் மட்டும் கீறாமல் நீளவாக்கில் கீறுங்கள். மிளகாய் ஒன்றன்மேல் ஒன்று விழாமல், தரையிலிருந்து உயர்த்திய வலைத்தட்டில் பரப்புங்கள். அடியிலிருந்தும் காற்று வரும். விருதுநகர், மதுரை போன்ற உள்மாவட்டங்களின் வறண்ட கோடையில் இது துணிந்து செய்யக்கூடியது. கடலூரிலோ நாகையிலோ இருப்பவர்கள் முழு உப்பையும் போடுவதே சரி.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வானம் மூடிக்கொண்டால், அரைகுறையாகக் காய்ந்த மிளகாயை முறத்திலேயே விட்டுவிட வேண்டாம். மோர் இன்னும் இருந்தால் இன்னொரு கைப்பிடி உப்பைச் சேர்த்து அதிலேயே போட்டு, மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். மோர் முழுக்க ஊறிப்போயிருந்தால் மின்விசிறியின் நேர்கீழே பரப்புங்கள். வெயில் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.